வருமானத்துக்குள் அடங்காத வீடு

ஒரு வங்கிக் கணக்கின் 18 மாத ஸ்டேட்மென்ட். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, 5ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை போகிறது. அவ்வளவுதான். மளிகை இல்லை, பெட்ரோல் இல்லை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இல்லை, கைச்செலவுக்கு எடுத்த சில்லறைகூட இல்லை. நாலு பேர் இருக்கும் குடும்பம் ஒன்றரை வருஷம் காற்றைக் குடித்தா வாழ்ந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் நிதிப் புலனாய்வாளர். வரி மோசடி நடந்ததா, யார் செய்தார்கள் என்று நிரூபிப்பது வழக்கை நடத்தும் குழுவின் பாடு. ஏய்த்த பணம் இப்போது எந்த உருவத்தில் எங்கே இருக்கிறது, அதை எப்படித் திரும்ப வாங்குவது என்பது இவருடைய பாடு. கதவை உடைத்துக்கொண்டு நுழையும் காட்சியெல்லாம் எப்போதாவதுதான். மற்ற நாட்களில் ஸ்டேட்மென்ட், பத்திரம், பில், எக்செல்.

வங்கிக் கொள்ளையில் திருடிய நோட்டு என்று ஒன்று உண்டு. வரி ஏய்ப்பில் அது கிடையாது. கட்டாமல் விட்ட வரி, ஒழுங்காகச் சம்பாதித்த பணத்தோடு ஒரே கல்லாவில் பாலும் தண்ணீருமாகக் கலந்துகிடக்கும். அதைப் பிரிக்க அன்னப்பறவையாலும் ஆகாது. அதனால் நோட்டைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஆளின் மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். இதற்கு நிகர சொத்து முறை என்று பெயர்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வருஷத் தொடக்கத்தில் ஒருவரிடம் வங்கியில் 20 லட்சம், 5 லட்சம் கொடுத்து வாங்கிய கார், 5 லட்சம் கடன். கடனைக் கழித்தால் நிகர சொத்து 20 லட்சம். வருஷக் கடைசியில் 90 லட்சத்துக்கு ஒரு வீடு, 18 லட்சத்துக்குப் புதுக் கார், வங்கியில் 12 லட்சம், வீட்டுக்கடன் பாக்கி 40 லட்சம். இப்போது நிகர சொத்து 80. ஒரே வருஷத்தில் 60 லட்சம் ஏறியிருக்கிறது. சாப்பாடு, துணிமணி, பயணம் என்று செலவழித்தது 14 லட்சம். ஆக அந்த வருஷம் அவர் கைக்கு 74 லட்சம் வந்திருக்க வேண்டும். வரிப் படிவத்தில் காட்டிய வருமானமோ 16 லட்சம். பாட்டி எழுதிவைத்ததில் வந்த 3 லட்சத்தையும் கழித்துவிடுங்கள். மிச்சம் 55 லட்சம். அது எங்கிருந்து வந்தது?

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீட்டை எப்போதும் வாங்கிய விலையில்தான் எழுத வேண்டும், இன்றைய சந்தை விலையில் அல்ல. சந்தை விலையைப் போட்டால், விலை ஏறியதெல்லாம் அவர் சம்பாதித்ததுபோலத் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் குறுக்கு விசாரணையிலேயே மொத்தக் கணக்கையும் கிழித்துவிடுவார். அதைவிடப் பெரிய ஓட்டை தொடக்கப் புள்ளி. "அந்தப் பணம் பத்து வருஷமாகப் பீரோவில் இருந்தது" என்று ஒருவர் சொல்லிவிட்டால்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் இந்த முறையை ஏற்றுக்கொண்டபோது அதையும் யோசித்துத்தான் ஏற்றது. தொடக்கச் சொத்தை அரசு நியாயமான உறுதியோடு நிறுவ வேண்டும். வரி கட்டுபவர் சொல்லும் விளக்கம் சரிபார்க்கக்கூடியதாக இருந்தால், அதைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கவும் வேண்டும். எனவே பீரோக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அந்தப் பத்து வருஷத்தில் அவர் வட்டிக்குக் கடன் வாங்கினாரா, தவணை கட்ட முடியாமல் திண்டாடினாரா என்று தேட வேண்டும். பீரோ நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு யாரும் கந்துவட்டிக்குப் போவதில்லை.

சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று அதே நீதிமன்றம் 1927இலேயே சொல்லியிருந்தது. சிகாகோவின் பெரிய தாதா அல் கபோன் மாட்டியது அதில்தான். அவர் பெயரில் வங்கிக் கணக்கே கிடையாது. பிராங்க் வில்சன் என்ற வரித்துறைப் புலனாய்வாளர், பல வருஷம் முன்பு ஒரு சூதாட்டக் கூடத்தில் பிடிபட்டு, அலமாரியில் கேட்பாரற்றுக் கிடந்த பேரேட்டைத் தூசு தட்டி எடுத்தார். கையெழுத்தை ஒப்பிட்டு ஒப்பிட்டு, அதை எழுதிய கணக்குப்பிள்ளை யாரென்று கண்டுபிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். கூடவே கபோன் தைத்துக்கொண்ட சூட்டுகள், ஓட்டல் பில், டெலிபோன் பில் எல்லாம் வரிசையாக வந்தன. 1931இல் 11 வருஷச் சிறை. துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் முடிந்த வழக்கு.

கபோன் செய்தது கட்டாமல் விட்டது. கட்டாத வரியையே அரசிடம் திரும்பக் கேட்டு வாங்குவது இன்னும் துணிச்சலான வேலை. ஐரோப்பாவில் இதற்கு ராட்டினம் என்றே பெயர். ஒரு உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போனால் விற்பவர் மதிப்புக்கூட்டு வரி வசூலிக்க வேண்டியதில்லை. வரியில்லாமல் சரக்கை வாங்கிய முதல் கம்பெனி, உள்நாட்டில் வரியோடு விற்று, அந்த வரியை அரசுக்குக் கட்டாமல் காணாமல் போகும். நடுவில் இரண்டு மூன்று கம்பெனிகள் வாங்கி விற்கும். கடைசிக் கம்பெனி சரக்கை மறுபடி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்து, "நான் வரி கொடுத்துத்தானே வாங்கினேன், திருப்பிக் கொடு" என்று அரசிடம் கேட்கும். அதே சரக்கு திரும்ப உள்ளே வரும். செல்போனும் கம்ப்யூட்டர் சிப்பும் இதற்குத் தோதான சரக்கு: பெட்டி சின்னது, விலை பெரிது. ஆனால் ஒவ்வொரு போனுக்கும் ஐஎம்இஐ எண் என்று ஒரு தனி அடையாள எண் உண்டே! அதே எண் மூன்றாவது தடவை எல்லையைத் தாண்டும்போது கதை வெளுத்துவிடும். அப்புறம் பெட்டியே தேவையில்லாத சரக்குக்குத் தாவினார்கள், கார்பன் உமிழ்வு உரிமம், அதாவது இவ்வளவு கரிப்புகை விடலாம் என்று கம்பெனிகள் வாங்கி விற்கும் அனுமதி. 2009 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோல் போட்ட கணக்குப்படி, அதற்கு முந்தைய 18 மாதங்களில் அதில் போன வரி சுமார் 500 கோடி யூரோ.

ராட்டினத்தைப் பிடிக்கச் சரக்கைவிடப் பணம் போன நேரம் உதவும். நாலு கம்பெனிகளுக்குள் சரக்கு கைமாற நாலு நாள் ஆகலாம். பணம் மட்டும் ஒரே வங்கியின் நாலு கணக்குகள் வழியே சில நிமிஷத்தில் ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது என்றால் அது வியாபாரமா?

சரி, பணம் எங்கே என்று தெரிந்துவிட்டது. உடனே போய்க் கேட்டால், சாயங்காலத்துக்குள் கணக்கு காலி. அதனால் முடக்க உத்தரவைப் பெரும்பாலும் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லாமலே நீதிமன்றத்தில் வாங்குகிறார்கள். காதும் காதும் வைத்தாற்போல நடக்க வேண்டிய கட்டம் இது. முடக்கம் என்றால் பறிமுதல் இல்லை; விற்கவோ மாற்றவோ முடியாது, சாப்பாட்டுச் செலவுக்கு நீதிமன்றம் அனுமதித்ததை எடுத்துக்கொள்ளலாம்.

முடக்கப் போனால் சொத்து அவர் பெயரில் இருக்காது. மச்சான் பெயரில் இருக்கும், அல்லது ஒரு கம்பெனி பெயரில், அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியின் பெயரில். பினாமியை உடைக்கப் பத்திரத்தைப் பார்த்துப் பயனில்லை, சின்னச் சின்ன பில்களைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு இன்சூரன்ஸ் கட்டுவது யார்? தண்ணீர்க் குழாய் உடைந்தால் பிளம்பருக்கு போன் போவது எந்த எண்ணிலிருந்து? பத்திரத்தில் பேரை மாற்ற ஒரு கையெழுத்து போதும். குடியிருப்பதை அப்படி மாற்ற முடியாது. வெளிநாட்டுக் கணக்குகளைப் பற்றி, 2017 முதல் பல நாடுகளின் வரித்துறைகள் ஒன்றுக்கொன்று தாமாகவே தகவல் அனுப்பிக்கொள்கின்றன. ஆனால் தகவல் வருவது வேறு, அந்த நாட்டு நீதிமன்றம் வழியாகப் பணம் வருவது வேறு. 2010 முதல் 2014 வரையிலான ஐரோப்பிய ஒன்றியத் தரவுகளை வைத்து யூரோபோல் மதிப்பிட்டபோது, குற்ற வருமானத்தில் கடைசியில் பறிமுதலானது 1.1 சதவீதம்தான்.

தண்டனை வந்தபிறகும் வேலை முடிவதில்லை. பிரிட்டனின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டு எண்கள் உண்டு. குற்றத்தால் அடைந்த பலன் ஒன்று, இப்போது கைவசம் இருப்பது இன்னொன்று. பலன் 10 மடங்கு என்றாலும் கைவசம் இருக்கும் அளவுக்குத்தான் உத்தரவு போடுவார்கள். கைவசம் குறைவு என்று நிரூபிக்க வேண்டியது தண்டனை பெற்றவர். கட்டாவிட்டால் தொகையைப் பொறுத்துக் கூடுதலாக 14 வருஷம்வரை சிறை. அதை அனுபவித்து முடித்தாலும் கடன் தீராது. பலனில் வசூலாகாமல் நிற்கும் மிச்சத்துக்கும் காலக்கெடு இல்லை. ஆள் விடுதலையாகி, நேர்வழியில் சம்பாதித்துச் சொத்து சேர்த்தாலும் பழைய எண்ணைக் காட்டி அதைக் கேட்கலாமா என்று ஒரு போதைப்பொருள் வழக்கில் 2012இல் கேள்வி வந்தது. கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் சொன்னார்கள், கூடாது என்று 2 பேர். திருந்தி உழைக்கிறவனின் கையையும் கட்டிப்போடுகிறதே என்று எனக்கு அந்த 2 பேர் பக்கம்தான் மனம் சாய்கிறது. ஆனால் புலனாய்வாளர் தீர்ப்பைத்தான் பார்க்க வேண்டும். பழைய கோப்பிலுள்ள பெயரை நிலப் பதிவேட்டில் மறுபடி தட்டுகிறார், புதிதாக ஒரு வீடு வந்திருக்கிறதா என்று.