விளம்பரம் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள்: ஆட்வேரைக் கண்டறிதலும் அகற்றுதலும்

கணினி பழுது நீக்கும் பணியில் எங்களிடம் வரும் புகார்களில் பல, "வைரஸ் புகுந்துவிட்டது" என்ற ஒற்றை வரியில்தான் தொடங்குகின்றன. கணினியைத் திறந்து பார்த்தால், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் நச்சுநிரல் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை. உரிமையாளரே என்றோ ஒரு நாள் "சரி", "அனுமதி", "அடுத்து" என்று அவசரமாக அழுத்தி உள்ளே விட்ட, ஆட்வேர் எனப்படும் விளம்பர மென்பொருள்தான் இருக்கிறது. ஆட்வேரின் பிழைப்பே அந்த அனுமதியில்தான் நடக்கிறது. ஆகவே, எந்த இடத்தில் எதற்கு அனுமதி கொடுக்கப்பட்டது என்று தேடிப் பிடித்து, அதைத் திரும்பப் பெறுவதுதான் அகற்றும் வேலையின் பெரும்பகுதி. வைரஸ் ஸ்கேனரை மட்டும் ஓடவிட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாற்றமடைவதற்கும் இதுவே காரணம்: பயனர் தாமே கொடுத்த அனுமதியைப் பல ஸ்கேனர்கள் குற்றமாகக் கருதுவதில்லை.

எதையும் நீக்கத் தொடங்குமுன், விளம்பரம் திரையில் எங்கே, எப்போது தோன்றுகிறது என்று கவனியுங்கள். உலாவியை மூடிய பிறகும் திரையின் மூலையில் பெட்டி பெட்டியாக வருகிறதா, செல்லும் இணையதளங்கள் அனைத்திலும் ஒரே வகை விளம்பரம் நுழைகிறதா, யாரும் தொடாதபோதே உலாவி தானாகத் திறந்துகொள்கிறதா என்ற கேள்விகளுக்கான விடை, நோயின் இருப்பிடத்தை ஏறக்குறைய காட்டிக்கொடுத்துவிடும்.

அண்மைக் காலத்தில் நாங்கள் மிகுதியாகப் பார்ப்பது முதல் வகை. திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன" என்றோ, "பாதுகாப்புச் சந்தா இன்றோடு முடிகிறது" என்றோ ஒரு பெட்டி எழும்பும். பெயர்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் ஒன்றின் சின்னமும் அதில் இருக்கும். பதறாமல் அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தால், தடித்த எழுத்து எச்சரிக்கைக்கு அருகே, சின்னஞ்சிறு எழுத்தில், உங்கள் உலாவியின் பெயரும் நீங்கள் கேள்வியே பட்டிராத ஓர் இணையதளத்தின் முகவரியும் இருப்பது தெரியும். கணினியில் நிறுவப்பட்ட உண்மையான ஆன்டிவைரஸ், குரோம் அல்லது எட்ஜ் உலாவியின் பெயரில் எச்சரிக்கை அனுப்பாது. ஏதோ ஒரு திரைப்படத் தளத்திலோ கோப்புப் பதிவிறக்கத் தளத்திலோ, "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய அனுமதியை அழுத்துங்கள்" என்று கேட்டபோது அழுத்திய ஒற்றைச் சொடுக்குதான் அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் உரிமையைக் கொடுத்தது. ரோபோ சோதனைக்கும் அந்த அனுமதிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

குரோமில் செட்டிங்ஸ் சென்று, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதனுள் சைட் செட்டிங்ஸ், அதனுள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் இதே பட்டியல் சற்றே வேறு பெயர்களில் இருக்கிறது. தெரியாத முகவரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் இந்த அனுமதியைக் கேட்கவே கூடாது என்ற தெரிவையும் இயக்கிவிடுங்கள். மின்னஞ்சல், அலுவலக உரையாடல் போன்ற ஓரிரு தளங்களைத் தவிர வேறெதற்கும் அது தேவைப்படுவதில்லை. சில நிமிடங்களில் முடியும் இந்த வேலைக்காகக் கணினியையே ஃபார்மட் செய்தவர்களையும், பெட்டியைச் சொடுக்கி அது காட்டிய ஆன்டிவைரஸை விலை கொடுத்து வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். வாங்கியது அசல் மென்பொருளாகவே இருக்கலாம். ஆனால் பயமுறுத்தி விற்ற இடைத்தரகருக்கு அந்த விற்பனையில் கழிவுத்தொகை போய்ச் சேர்கிறது.

இணையப் பக்கங்களுக்குள்ளேயே விளம்பரம் முளைத்தால், அல்லது தேடுபொறி தானாக மாறியிருந்தால், எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்சிகளின் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும். "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி பெற்ற ஒரு நீட்சியால், நீங்கள் பார்க்கும் எந்தப் பக்கத்திலும் எதையும் செருக முடியும். நீண்ட காலமாக நல்லபடியாக இயங்கிவந்த நீட்சி என்பதால் அதை விட்டுவிடவும் கூடாது. பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் "தி கிரேட் சஸ்பெண்டர்" என்ற நீட்சியை இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருந்தனர். 2020இல் அது வேறொருவர் கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் அதை அகற்றியது. உரிமையாளர் மாறிய செய்தி பயனர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை. புதுப்பிப்பு மட்டும் வழக்கம்போலத் தானாக இறங்கியது.

நீட்சியை நீக்கிய மறுநாளே அது திரும்பி வந்து நிற்கிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உலாவியில் ஒத்திசைவு (ஒரே கணக்கில் உள்ள சாதனங்களின் அமைப்புகளை ஒன்றுபோல வைக்கும் சிங்க் வசதி) இயங்குகிறதா என்பதுதான். வீட்டுக் கணினி, அலுவலகக் கணினி இரண்டிலும் ஒரே கணக்கில் உள்நுழைந்திருந்தால், ஒன்றில் நீக்கியதை மற்றொன்று மீண்டும் கொண்டுவந்து சேர்த்துவிடக்கூடும். ஒத்திசைவை நிறுத்திவிட்டு இரண்டு இடங்களிலும் துப்புரவு செய்த பிறகே அதை மீண்டும் இயக்க வேண்டும்.

நீக்கும் பொத்தானே வேலை செய்யாத நீட்சிகளும் உண்டு. அப்போது குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களின் கணினிகளைக் கட்டுப்படுத்துவதற்காக உள்ள பாலிசி வசதியை ஆட்வேர் கடத்திக்கொண்டு, தன் நீட்சியைக் கட்டாய நீட்சியாகப் பதிந்துவிடுகிறது. எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத வீட்டுக் கணினியில் அந்த வரி தென்பட்டால் ஐயுற வேண்டியதுதான். எனினும் சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் இதே வசதியைப் பயன்படுத்துவதால், அந்த வரியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. குரோமின் பாலிசி பக்கத்தைத் திறந்து எந்தப் பாலிசி எந்த நீட்சியைத் திணிக்கிறது என்று பார்த்துவிட்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதற்குரிய பதிவை நீக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்தை மட்டும் தெரிந்தவர்களிடம் விடுவது நல்லது.

உலாவி தானாகத் திறந்துகொள்ளும் வகைதான் துப்பறியும் வேலையை அதிகம் கேட்பது. அது எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று ஒரு நாள் குறித்துவையுங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை, அல்லது கணினியில் உள்நுழைந்தவுடன் என்று ஓர் ஒழுங்கு தென்பட்டால், குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக இயக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து அதன் நூலகத்தில் உள்ள ஒவ்வொரு பணியையும் தேர்ந்தெடுத்து, "ஆக்‌ஷன்ஸ்" தாவலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பணியின் பெயர் ஏதோ சிஸ்டம் புதுப்பிப்பு போல மரியாதையாக இருக்கும். செயலோ, எக்ஸ்ப்ளோரரையோ கட்டளைத் திரையையோ அழைத்து நேராக ஓர் இணைய முகவரியைத் திறக்கச் சொல்லும். விளம்பர நிரலை நீக்கிய பிறகும் இந்தப் பணி தனியே உயிரோடிருந்து அதை மறுபடி பதிவிறக்குவதும் உண்டு. டெஸ்க்டாப்பில் உள்ள உலாவிச் சின்னத்தின் பிராப்பர்ட்டீஸில் "டார்கெட்" என்ற கட்டத்தையும் ஒருமுறை பாருங்கள்: உலாவியின் கோப்புப் பெயருக்குப் பின்னால், இடைவெளி விட்டு, ஓர் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், முகப்புப் பக்கத்தை எத்தனை முறை மாற்றினாலும் அது நிலைக்காததன் காரணம் அதுவே. பிராக்ஸி அமைப்பும் (இணையப் போக்குவரத்தை இடையில் வேறொரு கணினி வழியே அனுப்புவது) டிஎன்எஸ் முகவரியும் (இணையதளப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தரும் சேவை) மாற்றப்பட்டுள்ளனவா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம்.

நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, தொல்லை தொடங்கிய நாளில் வந்தவற்றை நீக்குவது எல்லோருக்கும் தெரிந்த வழி. அதில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஆட்வேரின் நீக்கும் திரையே பொத்தான்களை இடம் மாற்றி, "வைத்துக்கொள்" என்பதைப் பளிச்சென்றும் "நீக்கு" என்பதை மங்கலாகவும் காட்டும்.

கையால் செய்த பிறகு கருவிகளின் துணையை நாடலாம். மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016இல் வாங்கிய ஆட்வ்கிளீனர் இலவசமானது, சிறியது, இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது. விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஆப் அண்ட் பிரௌசர் கண்ட்ரோல்" பகுதிக்குள், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. பல கணினிகளில் அது அணைந்தே கிடப்பதைப் பார்க்கிறோம். குரோமுடன் வந்த துப்புரவுக் கருவியைப் பரிந்துரைக்கும் பழைய கட்டுரைகள் இன்னும் உலவுகின்றன. அந்தக் கருவியை கூகுள் 2023இலேயே நிறுத்திவிட்டது. ஆட்வேரின் பெயரைத் தேடினால் வரும் "இதை நீக்குவது எப்படி" பக்கங்களில் பலவும், முடிவில் ஏதோ ஒரு கட்டணக் கருவியை உங்கள் தலையில் கட்டுவதற்காகவே எழுதப்பட்டவை. இல்லாத பிழைகளைக் காட்டி மிரட்டிக் காசு கேட்கும் துப்புரவு மென்பொருள்களை, 2018 மார்ச் 1 முதல் தேவையற்ற மென்பொருளாகவே வகைப்படுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

விளம்பரத் தடுப்பானை நிறுவிவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். இணையத் தேடலில் விளம்பரமாக வரும் போலித் தளங்களிலிருந்து தப்ப விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2022 டிசம்பரில் பரிந்துரைத்தது. நானும் அதையே சொல்வேன். ஆனால் ஏற்கெனவே ஆட்வேர் குடியேறிய கணினியில் அதை நிறுவுவது, காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை ஒளித்துவைப்பதற்குச் சமம். விளம்பரம் கண்ணில் படாது. உங்கள் தேடல்களைப் படித்துக்கொண்டிருக்கும் நிரல் அப்படியே இருக்கும்.

இது வெறும் தொல்லைதானே என்று விட்டுவிட முடியாததற்கு சூப்பர்ஃபிஷ் விவகாரமே போதிய சான்று. 2014இல் விற்பனைக்கு வந்த சில லெனோவோ மடிக்கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த அந்த விளம்பர மென்பொருள், பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் செருகுவதற்காகத் தனக்கென ஒரு ரூட் சான்றிதழை (எந்த இணையதளம் உண்மையானது என்று கணினி நம்புவதற்கு அடிப்படையானது) கணினியில் பதித்திருந்தது. எல்லாக் கணினிகளிலும் அதன் திறவுகோல் ஒன்றே. 2015 பிப்ரவரியில் அந்தத் திறவுகோல் வெளிவந்ததும், அதே வலையமைப்பில் இருக்கும் எவரும் வங்கித் தளத்தைப் போலவே நடிக்க வழி பிறந்தது. மென்பொருளை நீக்கினாலும் சான்றிதழ் தங்கிவிட்டதுதான் அதில் கொடுமை. அப்படிச் சான்றிதழ் அளவுக்கு ஆழமாக இறங்கியிருக்கிறது என்ற ஐயம் எழுந்தால், நான் மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருக்க மாட்டேன்; கோப்புகளை நகலெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடுவேன். கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மாற்றுவதும் அதனோடு சேர்ந்த வேலை.

மறுபடி வராமல் காப்பதில், பதிவிறக்கும் இடத்தைத் தேர்வதற்கே நான் முதலிடம் கொடுப்பேன். தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக நிற்கும் முகவரியைத் தாண்டி, மென்பொருளை எழுதியவரின் சொந்தத் தளத்துக்கோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கோ செல்லுங்கள். பழகிய பெயர் என்பதற்காக ஒரு பதிவிறக்கத் தளத்தை நம்பிவிடவும் முடியாது: திறமூல மென்பொருள்களின் தாய்வீடாகக் கருதப்பட்ட சோர்ஸ்ஃபோர்ஜ் தளமே, 2015இல் விண்டோஸுக்கான கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளை விளம்பரச் சலுகைகளுடன் பொதிந்து வழங்கியதாகக் கடும் கண்டனத்துக்கு ஆளானது, மறு ஆண்டு உரிமை கைமாறிய பின்னரே அங்கே அந்தப் பொதிவு முறை முடிவுக்கு வந்தது. நிறுவும்போது "கஸ்டம்" அல்லது "அட்வான்ஸ்டு" என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டங்களை நீக்கிக்கொண்டே செல்லுங்கள். திருட்டு நகல் மென்பொருளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அதைப் பொதிந்து தருபவர் இலவசமாக உழைப்பதில்லை.

குடும்பத்தில் பலர் பயன்படுத்தும் கணினியில், நிர்வாகி உரிமையற்ற தனித்தனிக் கணக்குகளை உருவாக்குவது நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் நிறுவல்களை மட்டுமே அது மறிக்கும். உலாவி நீட்சிகளும், நோட்டிஃபிகேஷன் அனுமதிகளும், பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் மட்டும் இறங்கும் நிரல்களும் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்பதே இல்லை. அதனால், தனிக் கணக்கு கொடுத்தாயிற்று என்று இருந்துவிடாமல், அந்தக் கணக்கிலும் உள்நுழைந்து நீட்சிப் பட்டியலையும் நோட்டிஃபிகேஷன் பட்டியலையும் மாதம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.