மிரளும் டாரண்டுலாவைக் கையில் எடுக்கத்தான் வேண்டுமா?

முதன்முறையாக டாரண்டுலா என்னும் பெரிய உரோமச் சிலந்தியை வாங்கியவர்கள் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வரும்போது, அதன் உடல்நலத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பாகவே, "தொட்டாலே ஓடுகிறது டாக்டர், இதைக் கையில் எடுத்துப் பழக்குவது எப்படி?" என்று கேட்டுவிடுகிறார்கள். நாய்க்குட்டியையும் கிளியையும் வளர்த்த வீடுகளிலிருந்து வரும் இயல்பான கேள்விதான் இது. ஆனால் டாரண்டுலாவுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. வளர்ப்பவரை அடையாளம் கண்டு நெருங்கும் தன்மை அதற்கு இல்லை. உள்ளங்கையில் அசையாமல் அமர்ந்திருக்கும் சிலந்தி பழகிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த நேரத்தில் அதற்கு ஆபத்து எதுவும் தென்படவில்லை, அவ்வளவுதான். அடுத்த நொடியில் நம் மூச்சுக்காற்று பட்டாலே அது கையை விட்டுப் பாய்ந்து ஓடக்கூடும். கையில் எடுப்பதால் சிலந்திக்கு எந்தப் பயனும் இல்லை என்பதையும், அதில் கிடைக்கும் மகிழ்ச்சி முழுவதும் நமக்கானது என்பதையும் ஒப்புக்கொண்டால், மற்றவை எளிதாகிவிடும். புதிதாக வளர்ப்பவர் கற்க வேண்டியது சிலந்தியைக் கையில் ஏந்துவதை அல்ல, அதைத் தொடாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதை.

டாரண்டுலாவுக்கு எட்டுக் கண்கள் இருந்தாலும் பார்வை மிகவும் மங்கலானது. அது உலகத்தை அறிவது பெரும்பாலும் கால்களின் வழியாகத்தான். கால்களில் உள்ள மெல்லிய உணர்வு உரோமங்கள் காற்றின் சிறு அசைவைக்கூட உணர்கின்றன. தரையின் அதிர்வை உணரும் நுண்ணிய பிளவு உறுப்புகளும் அங்கே உள்ளன. ஆகவே கதவை அறைந்து சாத்துவது, பெட்டியைச் சட்டென்று இழுப்பது, மூடியைத் திறந்து குனிந்து மூச்சு விடுவது ஆகிய எல்லாமே அதற்கு எதிரி நெருங்குவதற்கான அறிகுறிகள். எந்நேரமும் மிரண்டுகொண்டே இருக்கிறது என்று புகார் சொல்பவர்களிடம் பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் என்றோ ஸ்பீக்கர் வைத்த அலமாரியில் என்றோ பதில் வருவதுண்டு. அதிர்வில்லாத மூலை, ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, துளையிடும் அளவுக்கு ஆழமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால், பல சிலந்திகள் ஓடுவதை விட்டு ஒளிந்துகொள்ளத் தொடங்குகின்றன. மிரட்சியைக் குறைக்க நான் அறிந்த ஒரே வழி இதுதான்.

மிரண்டபின் சிலந்தி என்ன செய்யும் என்பது அதன் பூர்வீகத்தைப் பொறுத்தது. அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த பெரும்பாலான இனங்களுக்கு வயிற்றுப் பகுதியில் அரிப்பை உண்டாக்கும் நுண்ணிய முள் உரோமங்கள் இருக்கின்றன. பின்னங்கால்களை வயிற்றில் விரைவாகத் தேய்த்து அவற்றைக் காற்றில் பறக்கவிடும். தென் அமெரிக்காவின் அவிகுலாரியா போன்ற மரவாழ் இனங்கள் பொதுவாக அவற்றை வீசுவதில்லை. தொடுபவர் தோலில் நேரடியாக அழுத்திப் பதிக்கின்றன. சாதுவானவை என்று தொடக்கக்காரர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் மெக்சிகோவின் பிராக்கிபெல்மா, சிலியின் கிராமோஸ்டோலா இனங்களுக்கும் இந்த உரோமங்கள் உண்டு. ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு இவை கிடையாது. அதனால் அவை ஓடுகின்றன, ஓட இடமில்லையென்றால் முன்கால்களை உயர்த்தி விஷப்பற்களைக் காட்டுகின்றன, அதையும் மீறினால் கடிக்கின்றன. ஆரஞ்சு நிறத்துக்காகவே பலரும் ஆசைப்படும் ஆப்பிரிக்காவின் பிடெரினோகிலஸ் முரினஸ், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பொயிசிலோதீரியா ஆகியவை இந்த வகை. முதல் சிலந்தியாக இவற்றை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விற்பவர்கள் இதை எப்போதும் சொல்வதில்லை.

உரோமங்களை வெறும் அரிப்பு என்று ஒதுக்கிவிடுபவர்களுக்கு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கண் மருத்துவர்கள் பதிவு செய்து, 2010ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு நிகழ்வை நான் வழக்கமாக எடுத்துச் சொல்வேன். 29 வயது இளைஞர் ஒருவர் தம்முடைய சிலி நாட்டு ரோஸ் டாரண்டுலாவின் கண்ணாடிப் பெட்டியில் படிந்திருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த சிலந்தி உரோமங்களை வீசியது. மூன்று வாரங்களாகக் கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசியது. சாதாரணக் கண்ணழற்சி என்று கருதி நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தும் குறையவில்லை. பின்னர் மிகுந்த உருப்பெருக்கத்தில் பார்த்தபோதுதான் கருவிழிப்படலத்தில் மயிரிழைகள் குத்தி நிற்பது தெரிந்தது. நுண்ணிய இடுக்கியாலும் எடுக்க முடியாத அளவுக்கு அவை சிறியவை என்பதால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தில்தான் சிகிச்சை தொடர்ந்தது. அவர் சிலந்தியைக் கையில் எடுக்கவே இல்லை, பெட்டியைத்தான் சுத்தம் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் எந்த வேலை செய்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும், நீண்ட இடுக்கியைப் பயன்படுத்துவதும், முடிக்கும்வரை முகத்தைத் தொடாமல் இருப்பதும் அதனால்தான் கட்டாயம்.

இனி மாற்றும் முறையைப் பார்ப்போம். சிலந்தி வளர வளரப் பெரிய பெட்டிக்கு மாற்றியே ஆக வேண்டும், அந்த நாளில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் தலைக்கு மேலே சுழலும் விசிறியின் காற்றே போதும், அது பாய்ந்து ஓட. கதவைச் சாத்தி அடியிடுக்கில் துண்டைச் செருகுங்கள். பூனையையும் குழந்தைகளையும் வெளியே அனுப்பிவிடுங்கள். மேசையில் வைத்து மாற்றக் கூடாது. தரையில் அமர்ந்து, உயரமான விளிம்புள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் அருகருகே வையுங்கள். சிலந்தி தப்பினாலும் தொட்டிக்குள்தான் ஓடும், விழுந்தாலும் விரற்கடை உயரத்திலிருந்துதான் விழும்.

கால்களை விரித்த நிலையில் சிலந்தியின் அகலத்தைவிடப் பெரிய வாயுள்ள, ஒளி ஊடுருவும் டப்பாவை அதன் முன்னால் சாய்த்து வைத்து, மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் பின்னங்கால்களின் நுனியை மட்டும் லேசாகத் தொட வேண்டும். வயிற்றைத் தொடக் கூடாது. தொட்டவுடன் அது ஓரிரு அடி முன்னே எடுத்து வைக்கும், பிறகு நிற்கும். அது நிற்கும்போது நாமும் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டுத் தொடர்ந்து குத்துவதால்தான் நடை ஓட்டமாக மாறுகிறது. உள்ளே போனதும், கால்கள் எதுவும் விளிம்பில் சிக்காமல் பார்த்துக்கொண்டு அட்டையால் மூடிவிடலாம். துளைக்குள்ளேயே வாழும் இனமாக இருந்தால், அடிப்பகுதி மூடிய பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டி, வெளிப்புறத்தில் கறுப்புத் தாளைச் சுற்றி, அதன் வாயைத் துளையின் வாயோடு பொருத்தி வைத்தால், விரட்டப்படும் சிலந்தி இருட்டைத் தேடி அதற்குள்ளேயே நுழையும். எந்தக் கட்டத்திலும் அது முன்கால்களை உயர்த்தி நின்றாலோ, பின்னங்கால்களை வயிற்றின் மேல் கொண்டுபோனாலோ, மூடியைச் சாத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் மீறி அது கையில் ஏறிவிட்டால் உதறக் கூடாது, ஊதவும் கூடாது. கையைத் தொட்டிக்குள் தாழ்த்தி வைத்துக்கொண்டு, அது தானாக இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். டாரண்டுலாக்களின் ஓட்டம் வேகமானதே தவிர நீண்டதல்ல. சில நொடிகளில் களைத்து நின்றுவிடும். அப்போது டப்பாவைக் கவிழ்க்கலாம்.

உதறக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு அதன் உடலமைப்பே காரணம். கால்களின் முக்கிய மூட்டுகளை மடக்க அதற்குத் தசைகள் இருக்கின்றன, நீட்டுவதற்குத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் கால்களை நீட்டுகிறது. அந்தத் திரவத்தைத் தாங்கும் வயிற்றின் தோல் மிகவும் மெல்லியது. நின்றுகொண்டிருக்கும் மனிதரின் கையிலிருந்து தரையில் விழும் பெரிய சிலந்தியின் வயிறு கிழிந்துவிடலாம், கிழிந்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. தரைவாழ் இனங்களின் பெட்டியை உயரமாக அமைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடி வரையுள்ள இடைவெளி சிலந்தியின் கால்விரிப்பைப்போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் போதும். மூடியில் கம்பிவலை இருந்தால் கால் நகங்கள் அதில் மாட்டிக்கொள்ளும். துளையிட்ட அக்ரிலிக் மூடியே நல்லது.

மிரட்சியையும் பசியையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. இரைக்குக் காத்திருக்கும் சிலந்தி, பெட்டியில் நுழையும் எதையும் இரை என்று எண்ணிப் பாயும். அதைப் பார்த்து இது என்னைத் தாக்குகிறது என்று பயந்துவிடுகிறார்கள். வேலை தொடங்கும் முன் பிரஷ் நுனியால் பின்னங்காலைத் தொட்டுப் பாருங்கள். விலகினால் அது விழித்திருக்கிறது, இரை இல்லை என்று புரிந்துகொண்டுவிட்டது.

தோல் உரிக்கும் காலத்தில் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது. அதற்கு முன் வாரக்கணக்கில், பெரியவையாக இருந்தால் மாதக்கணக்கில் உணவை மறுக்கும், வயிற்றின் வழுக்கைப் பகுதி கறுக்கும். மல்லாந்து கிடந்து தோல் உரிப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று திருப்பிப் போட்டவர்கள் உண்டு. செத்த சிலந்தி பெரும்பாலும் கால்களை உள்ளே மடக்கிக் குப்புறக் கிடக்கும். உரித்தபின் விஷப்பற்கள் வெள்ளையாகவும் மென்மையாகவும் இருக்கும். அவை கறுத்துக் கெட்டிப்படும்வரை இரை போடாதீர்கள். பெட்டியில் மிச்சமிருக்கும் சுவர்க்கோழி ஒன்றுகூட மென்மையான சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடும்.

ஓயாத மிரட்சியோடு நடுக்கமும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால், அது குணம் அல்ல, நஞ்சாக இருக்கலாம். கொசுவிரட்டித் திரவம், எறும்புச் சாக்பீஸ், தெருவில் மாநகராட்சி அடிக்கும் கொசு மருந்துப் புகை, நாய்க்குப் போடும் உண்ணி மருந்து ஆகியவை பூச்சிகளைக் கொல்வதற்காகவே தயாரானவை. சிலந்தியும் அவற்றுக்குத் தப்பாது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையில், போலந்திலிருந்து தமிழ்நாட்டு முகவரி ஒன்றுக்கு வந்த அஞ்சல் பொதியில், சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் பஞ்சோடு அடைக்கப்பட்டிருந்த 107 சிலந்திகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை கைப்பற்றியது. பிராக்கிபெல்மா இனங்களும் 2019 முதல் பொயிசிலோதீரியா இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அந்தப் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கான விதிகள் 2024இல் வெளிவந்தன. உள்நாட்டு இனங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஆந்திரத்தின் குத்தி என்னும் ஊரில் கண்டெடுக்கப்பட்டு 1899இல் விவரிக்கப்பட்ட நீல நிறப் பொயிசிலோதீரியா மெட்டாலிகாவும், இராமேசுவரத்துக் கோவில் ஒன்றின் பெயரைத் தாங்கிய பொயிசிலோதீரியா ஹனுமவிலாசுமிகாவும் மிகவும் அருகிவரும் இனங்கள். காட்டில் பிடித்ததை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள்.

விபத்து நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில உள்ளன. தோலில் உரோமம் பட்டால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் அலசிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் சென்று, டாரண்டுலா உரோமம் என்று பெயர் சொல்லியே தெரிவியுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதைத் தேடமாட்டார். டாரண்டுலா கடித்து மனிதர் இறந்ததாக நம்பகமான பதிவு இல்லை. ஆனால் பொயிசிலோதீரியா கடித்தால் பல மணி நேரம் கழித்துக் கடுமையான தசைப்பிடிப்பு வரக்கூடும் என்பதால், வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாம்புக்கடி மருந்து இதற்குப் பயன்படாது. மூச்சுத்திணறலோ உடல் முழுவதும் தடிப்போ வந்தால் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.

சிலந்திக்குக் காயம் பட்டு, நிறமற்ற அல்லது இளநீலத் திரவம் கசிந்தால், அந்த இடத்தில் சோளமாவை மெதுவாக வைத்து அழுத்தலாம். காலில் ஏற்பட்ட கசிவு இதனாலேயே நின்றுவிடுவதுண்டு. வயிற்றில் கிழிசல் என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். காற்றுத்துளையுள்ள சிறிய டப்பாவில் ஈரமான டிஷ்யூ தாளை அடியில் விரித்து, அசையாதபடி சுற்றிலும் தாளை அடைத்து, சிலந்தியின் இனப்பெயரையும் கடைசியாகத் தோல் உரித்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள்.