மூக்கையும் கையுறையையும் மட்டும் நம்பி வேதிப்பொருள்களோடு வேலை செய்யலாமா?

வேதிப்பொருள்களோடு வேலை செய்பவர்களைப் பரிசோதிக்கும்போது, "ஆரம்பத்தில் வாடை தாங்க முடியவில்லை டாக்டர், இப்போது பழகிவிட்டது" என்ற பதிலைப் பலரிடமிருந்து கேட்கிறேன். சொல்பவர் அதை நல்ல செய்தியாகவே சொல்கிறார். ஆனால் வாடை தெரியாமல் போனதால் காற்றில் நஞ்சு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூக்கு அந்த வாடையைக் கவனிப்பதை நிறுத்திக்கொண்டது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. தொழில்நல மருத்துவத்தில் என் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும் உண்மை, வேதிப்பொருள் விஷயத்தில் உடல் உரிய நேரத்தில் எச்சரிப்பதில்லை என்பதே. ஆகவே பாதுகாப்பு என்பது தொழிலாளியின் முகத்தில் எதை மாட்டலாம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கக் கூடாது. அந்தப் பொருள் எந்த இடத்தில் காற்றில் கலக்கிறது, எந்த இடத்தில் தோலைத் தொடுகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அதன் அழுகிய முட்டை நாற்றம் தெரிந்துவிடும். அதே வாயு 100 பங்கு அளவை எட்டும்போது, சில நிமிடங்களில் முகரும் உணர்வு மரத்துப்போய், நாற்றமே இல்லாததுபோல் தோன்றும். ஆள் உள்ளே இறங்கத் துணிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கார்பன் மோனாக்சைடுக்கோ வாடையே கிடையாது. பெயிண்ட், ஃபோம் தொழில்களில் பயன்படும் ஐசோசயனேட்டுகளின் வாடை மூக்குக்கு எட்டிவிட்டதென்றால், அனுமதிக்கப்பட்ட அளவு ஏற்கெனவே தாண்டப்பட்டுவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

வலியும் நம்பத்தக்க சாட்சி ஆகாது. நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் பல மணி நேரம் கழித்தே வலி தொடங்கக்கூடும். அதற்குள் அது தசைக்குள் இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிணைத்துச் செயலிழக்கச் செய்யத் தொடங்கியிருக்கும். பசைகளிலும் சுத்தம் செய்யும் திரவங்களிலும் இருக்கும் என்-ஹெக்சேன் மாதக் கணக்கில் மெல்ல வேலை செய்கிறது. முதலில் கால்விரல்கள் மரத்துப்போகும், பிறகு படியேறச் சிரமமாகும், கையில் பிடித்த பொருள் நழுவும். களைப்பு என்றோ சர்க்கரை நோய் என்றோ எண்ணி அலைபவர்கள் உண்டு. வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு, சிலருக்கு மாதங்களுக்கு, பலவீனம் கூடிக்கொண்டே போகலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நோயாளியின் மனத்துக்கு நல்லது. பெட்ரோலிலும் இருக்கும் பென்சீனால் வரும் இரத்தப் புற்றுநோய் வெளிப்படுவதற்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அந்தத் தொழிலாளி வேறு இடத்துக்கு மாறியிருப்பார், பழைய வேலையை நோயோடு சேர்த்துப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

எனவே நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, விடுமுறை நாள்களில் தொல்லை குறைகிறதா என்பது. இரவில் இருமல், வாரக் கடைசியில் நிம்மதி, வேலைக்குத் திரும்பிய சில நாள்களில் மீண்டும் இழுப்பு என்று ஒருவர் சொன்னால், தொழில்சார் ஆஸ்துமாவை உடனே சந்தேகிக்க வேண்டும். ஐசோசயனேட்டுக்கு ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்ட உடல், அதன் பிறகு மிகச் சிறிய அளவுக்கும் மூச்சுத் திணறலோடு எதிர்வினை காட்டும். அவரை அந்த வேலையிலிருந்து முற்றிலும் விலக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது? இந்தப் பொருள் உண்மையிலேயே தேவையா என்ற கேள்வியிலிருந்துதான். தின்னர் போன்ற கரைப்பான் கலந்த பெயிண்டுக்குப் பதிலாக நீர் அடிப்படையிலான பெயிண்ட் போதுமென்றால், அந்த ஒரே முடிவு நூறு முகக்கவசங்கள் தரும் பாதுகாப்பைவிட மேலானது. பொடியாக வருவதைப் பசையாகவோ குருணையாகவோ வாங்கினால் தூசியே எழாது. ஆனால் மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் வேண்டும். குளோரின் கலந்த பழைய கரைப்பான்களுக்கு மாற்றாகப் பல இடங்களில் வந்த 1-புரோமோபுரோப்பேன் நரம்புகளைக் கெடுக்கும் என்பது தொழிலாளர்கள் பாதிக்கப்பட்ட பிறகே பரவலாகத் தெரியவந்தது. புதிய பொருளைப் பற்றி எச்சரிக்கை எதுவும் எழுதப்படவில்லை என்பதற்காக அதைத் தீங்கற்றதென்று கொள்ளக் கூடாது. யாரும் இன்னும் ஆராயாததால்கூட எழுதப்படாமல் இருக்கலாம்.

பொருளை மாற்ற முடியாதபோது அதை அடைத்து வைக்க வேண்டும். திறந்த வாளியில் ஊற்றுவதற்குப் பதிலாகக் குழாய் வழியே மாற்றுவது, டிரம்களை மூடியே வைத்திருப்பது, தின்னர் நனைந்த துணிகளை மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுவது போன்ற எளிய ஒழுங்குகள் காற்றில் கலக்கும் அளவை வெகுவாகக் குறைக்கின்றன. இவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை.

அடுத்தது காற்றோட்டம். நான் பார்க்கும் பணியிடங்களில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இதில்தான். உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் சுழல்வதைக் காட்டி, ஏற்பாடு செய்துவிட்டோம் என்று சொல்வார்கள். பெரும்பாலான கரைப்பான்களின் ஆவி காற்றைவிடக் கனமானது. செறிவான ஆவி தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். அதைவிட மோசமானது, ஆவி எழும் மேசைக்கும் ஃபேனுக்கும் நடுவில் தொழிலாளியின் முகம் இருப்பது. ஃபேன் அந்த ஆவியை அவர் மூக்கின் வழியாகவே இழுத்துச் செல்கிறது. உறிஞ்சும் குழாயின் வாயை ஆவி எழும் இடத்துக்கு மிக அருகில் வைக்க வேண்டும். ஏனென்றால் குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே, உறிஞ்சும் வேகம் குழாய் வாயில் இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரு சாண் நகர்த்தி வைத்ததால் பெரும் செலவில் அமைத்த ஏற்பாடு பயனற்றுப் போகலாம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைப் எரியாமலே புகை வெளிவிடும் சிறு சோதனைக் குழாய் கொண்டு சோதிக்கலாம். தீப்பற்றும் ஆவி உள்ள இடத்தில் எரியும் எதையும் இதற்காகக் கொண்டுபோகக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் கவசங்கள். என்95 போன்ற முகக்கவசம் துகள்களை வடிகட்டும். கரைப்பானின் ஆவியை அது சிறிதும் தடுக்காது. ஆவிக்குக் கரி நிரப்பிய வடிகட்டி வேண்டும், அது எந்தப் பொருளுக்கு உரியது, எத்தனை மணி நேரத்தில் மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்திருக்கவும் வேண்டும். வாடை வந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று காத்திருப்பது, முன்பே சொன்னபடி, மூக்கை நம்புவதுதான். தாடி இருந்தால் கவசத்தின் ஓரம் தோலோடு பொருந்தாது; ஓர வழியாக உள்ளே வரும் காற்று வடிகட்டியைத் தொடுவதே இல்லை.

கையுறை பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த காரென் வெட்டர்ஹான், 1996 ஆகஸ்ட் மாதம் டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தைக் கையாண்டபோது, சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறைமேல் விழுந்தன. முறைப்படி கவனமாக வேலை செய்தவர் அவர். மாதங்கள் கழித்தே நடையும் பேச்சும் தடுமாறின. 1997 ஜூனில் உயிரிழந்தார். அந்தத் திரவம் அத்தகைய கையுறையைச் சில நொடிகளிலேயே ஊடுருவிவிடும் என்பது பின்னர் நடந்த சோதனையில் தெரிந்தது. கையுறை கிழியாமல் இருப்பதும் அது பாதுகாப்பதும் வேறு வேறு. ஹெக்சேனை ஓரளவு நன்றாகத் தடுக்கும் நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்கு மிக விரைவில் வழிவிட்டுவிடும்; அதற்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும். கறை போக வேண்டுமென்று தின்னரில் கை கழுவும் பழக்கத்தை, இதைப் படிப்பவர்களில் யாராவது வைத்திருந்தால், இன்றே விட்டுவிடுங்கள்.

தொட்டி, கிணறு, குழி போன்ற அடைபட்ட இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். பல விபத்துகளில் இறந்தவர்களில் மீட்கப் போனவர்களும் இருக்கிறார்கள். இறங்குவதற்கு முன் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று உயரங்களிலும் கருவியால் அளக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் வடிகட்டி வைத்த எந்தக் கவசமும் உதவாது, ஏனென்றால் வடிகட்டி ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை.

ஒவ்வொரு வேதிப்பொருளோடும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் வர வேண்டும். முழுவதும் படிக்க நேரமில்லாவிட்டாலும், ஆபத்துகளைச் சொல்லும் 2-ஆம் பகுதியையும், முதலுதவியைச் சொல்லும் 4-ஆம் பகுதியையும், எந்தக் கையுறை, எந்தக் கவசம் என்று சொல்லும் 8-ஆம் பகுதியையும் தொழிலாளிக்கு அவருடைய மொழியில் விளக்கியாக வேண்டும். இது முதலாளியின் பெருந்தன்மையைப் பொறுத்தது அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990-இல் ஏற்றுக்கொண்ட 170-ஆம் உடன்படிக்கை, தகவல் பெறுவதையும், உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் உள்ளபோது அந்த இடத்தை விட்டு விலகுவதையும் தொழிலாளியின் உரிமைகளாகவே குறிப்பிடுகிறது. குடிநீர் பாட்டிலில் கரைப்பானை ஊற்றி வைக்கும் வழக்கம் ஒரு பணியிடத்தில் இருந்தால், மற்ற ஏற்பாடுகள் எதையும் பார்ப்பதற்கு முன் அதை நிறுத்த வேண்டும்.

கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால், பெரும்பாலான பொருள்களுக்கு முதல் மருந்து ஓடும் நீர்தான். குறைந்தது 15 நிமிடங்கள் விடாமல் கழுவ வேண்டும், நனைந்த உடையைக் கழுவும்போதே களைய வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உள்ள இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் புறப்படும்போது அந்தப் பொருளின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு வாருங்கள், முடிந்தால் தரவுத் தாளையும். "ஏதோ ஒரு ஆசிட்" என்று மட்டும் தெரிந்தால், எந்த மருந்தைக் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டிய நிமிடங்கள் அது எந்த ஆசிட் என்று தேடுவதிலேயே கழிந்துவிடுகின்றன.