கன்டெய்னர் போய்ச் சேர்ந்த பிறகு: ஏற்றுமதியாளர் எடுக்க மறக்கும் பாலிசி

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் தாண்டிக் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் போனால் மஞ்சி (தேங்காய் நார்) மில்லும் பித் (நார்த்தூள்) காயும் களமும்தான் கண்ணில் படும். பித் பிளாக், தேங்காய்ப் பால் பவுடர், வெர்ஜின் எண்ணெய், இட்லிப் பொடி என்று இங்கிருந்து கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் கன்டெய்னர் போய்க்கொண்டே இருக்கிறது. இவர்களுக்குக் காப்பீட்டு ஆலோசனை சொல்வது என் தொழில். ஃபைலை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பாலிசி இருக்கும்: ஒன்று மரைன், இன்னொன்று மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான இ.சி.ஜி.சி. "ரெண்டும் போட்டாச்சுங்க, காசும் வந்திருச்சுங்க, அப்புறம் என்னங்க?" என்பார்கள்.

சரக்கு வழியில் நனைந்தால், உடைந்தால், தொலைந்தால் மரைன் பாலிசி கொடுக்கும். வாங்கியவர் பணம் தராமல் போனால் இ.சி.ஜி.சி. கொடுக்கும். சரக்கு பத்திரமாகச் சேர்ந்து, பணமும் வந்த பிறகு, அந்தப் பொருளால் அங்கே ஒருவர் உடம்புக்கு ஏதாவது ஆனாலோ அவர் சொத்து கெட்டாலோ இரண்டும் ஒரு ரூபாய் தராது. அதற்கென்று இருப்பதுதான் புராடக்ட் லயபிலிட்டி, பொருள் பொறுப்புக் காப்பீடு.

பித் பிளாக்கையே பார்ப்போம். ஈ.சி. என்பது பித்தில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு. லோ ஈ.சி. என்று விற்றால் அது பொதுவாக 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் பற்றாமல் ஒரு கழுவல் குறைந்துவிடுகிறது. சாம்பிள் எடுப்பவர் குவியலின் மேலிருந்து ஒரு கை அள்ளிப் போகிறார். ரிப்போர்ட் நன்றாகவே வருகிறது. அடிக் குவியலில் உப்பு அப்படியே நிற்கிறது. அந்த 5 கிலோ பிளாக்குகள் நெதர்லாந்தில் ஒரு பசுமைக்குடிலுக்குப் போய், தண்ணீரில் ஊதி, தக்காளி நாற்றுக்கு அடியில் கிடக்கின்றன. வேர் கருகுகிறது. வருகிற கடிதத்தில் பிளாக்கின் விலையையா கேட்பார்கள்? ஒரு பருவத்துத் தக்காளி முழுவதற்கும் கணக்குப் போட்டிருப்பார்கள்.

இங்கேதான் பாலிசியின் நுணுக்கம். உங்கள் பிளாக்கை மாற்றிக் கொடுக்கும் செலவு எந்த புராடக்ட் லயபிலிட்டி பாலிசியிலும் வராது. அடுத்தவருடைய பயிர் செத்தது சொத்துச் சேதம், அது வரலாம். ஆனால் 'பொருள் சொன்னபடி வேலை செய்யாததால் வரும் இழப்புக்குப் பொறுப்பில்லை' என்று ஒரு விலக்கு பல பாலிசிகளில் இருக்கிறது. பித் விற்பவருக்கு அந்த ஒரு வரி இருந்தால் பாலிசியே பாதி செத்த மாதிரி. எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: என் பித்தில் உப்பு ஏறிப் பயிர் போனால் கிளெய்ம் உண்டா, இல்லையா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னதை கிளெய்ம் நேரத்தில் யாரும் மதிப்பதில்லை.

உணவுப் பொருளில் விஷயம் இன்னும் கனமானது. தேங்காய்ப் பால் பவுடர் உலர்ந்து உதிரியாக வருவதற்காக அதில் கேசீன் என்ற பால் புரதத்தைச் சேர்ப்பது வழக்கம். 2013 டிசம்பரில் மெல்பர்னில் பால் ஒவ்வாமை இருந்த பத்து வயதுப் பையன், இறக்குமதியான தேங்காய்ப் பானம் ஒன்றைக் குடித்து இறந்துபோனான். அதில் பால் இருந்தது, லேபிளில் இல்லை. இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஒரு வரி அச்சடித்திருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கும். பாலிசி பேச வருகிறவர்களிடம் முதலில் லேபிளைத்தான் நான் கேட்டு வாங்குகிறேன். இட்லிப் பொடி அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்: அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்.

பாலிசி கைக்கு வந்ததும் பார்க்க வேண்டிய இடம் 'டெரிட்டரி', 'ஜூரிஸ்டிக்‌ஷன்' என்ற இரண்டு வரிகள். டெரிட்டரி 'உலகம் முழுவதும்' என்று இருக்கும். பார்த்ததும் மனசு நிறைந்துவிடும். அடுத்த வரியில் ஜூரிஸ்டிக்‌ஷன் 'இந்தியா மட்டும்' என்றிருந்தால், விபத்து எங்கே நடந்தாலும் வழக்கு இந்திய நீதிமன்றத்தில் போட்டால்தான் கிளெய்ம். லண்டனில் பாதிக்கப்பட்டவர் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தா கேஸ் போடுவார்? 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்ற சொற்களையும் தேடிப் பாருங்கள். அமெரிக்காவைச் சேர்த்தால் பிரீமியம் கூடத்தான் செய்யும். அங்கே வக்கீல் செலவு ஒன்றே ஒரு சிறு மில்லைச் சாய்த்துவிடும். அந்தச் செலவு பாலிசித் தொகைக்கு உள்ளேயா வெளியேயா என்றும் கேட்டு வையுங்கள்.

"அவன் அங்க கேஸ் போட்டா நம்மள என்ன பண்ணீருவான்?" என்று கேட்பவர்கள் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவைப் பாருங்கள். பிரிட்டன், சிங்கப்பூர் மாதிரி அறிவிக்கப்பட்ட நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு போலவே நிறைவேற்றலாம். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. துபாய்த் தீர்ப்பை வைத்துக் கோவையிலோ பாலக்காட்டிலோ உங்கள் களத்தை ஜப்தி செய்யக் கேட்க முடியும். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் இங்கே தனியாக வழக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் நெருக்கடி கூடப்போகிறது. 1985-இல் வந்த பொருள் பொறுப்பு விதிகளுக்குப் பதிலாகப் புதியவை 2026 டிசம்பர் 9 முதல் சந்தைக்கு வரும் பொருள்களுக்குப் பொருந்தும். தயாரித்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் இறக்குமதியாளரும் பொறுப்பாளி. அவர் அந்தச் சுமையை ஒப்பந்தத்தில் உங்கள் தலையில் வைப்பார். சட்டப்படி இல்லாமல், கையெழுத்துப் போட்டதால் மட்டும் வரும் பொறுப்பைப் பாலிசி ஏற்காது. ஒப்பந்தத்தைக் காப்பீட்டு ஆலோசகரிடம் காட்டிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நம்மூரில் கிடைக்கும் இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் கிளெய்ம் வரும் நாளில் நடப்பில் இருக்க வேண்டியவை. சரக்கு போன ஆண்டில் பாலிசி இருந்தது, இப்போது இல்லை என்றால் கிடையாது. 'ரெட்ரோஆக்டிவ் டேட்' என்று ஒரு தேதி இருக்கும். அதற்கு முன் நடந்ததும் வராது. ஆண்டுதோறும் விடாமல் புதுப்பித்தால் அந்தப் பழைய தேதி தொடரும். விலை குறைவென்று கம்பெனி மாறும்போது புதியவர் அந்தத் தேதியைப் புதிதாகப் போட்டுவிட்டால், அதுவரை நடந்த சேதத்துக்கெல்லாம் உங்களுக்குக் காப்பு போய்விடும்.

சந்தையிலிருந்து பொருளைத் திரும்பப் பெறும் செலவும் இதில் சேராது. அதற்கு ரீகால் பாலிசி தனி.

புகார் மெயில் வந்த அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதற்குள், பார்ட்டியின் மனசு கோணக் கூடாதே என்று, "எங்கள் தவறுதான், ஈடுகட்டித் தருகிறோம்" என்று பதில் போட்டுவிடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும். அந்த பேட்ச்சின் சாம்பிள், லேப் ரிப்போர்ட், பேக்கிங் லிஸ்ட் மூன்றையும் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு போன் செய்யுங்கள்.