வயர் ரீலைச் சுற்றியபடி கேத்தலைப் போடாதீர்கள்

கடந்த கிழமை களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சாமத்திய வீட்டிலிருந்து கோல் வந்தது. "தம்பி, கருகின மணம் வருது, ஓடி வாங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒருவர் சுவர் சுவிட்சை நிறுத்தியிருந்தார். அந்தப் புண்ணியவான்தான் அன்று அந்த வீட்டைக் காப்பாற்றியது, நான் இல்லை.

பின் விறாந்தையில் ஒரு 25 மீற்றர் வயர் ரீல், தூரத்துக்குக் கரண்ட் எடுக்க இழுத்துப் பாவிக்கிற சுற்று வயர். மூன்று மீற்றர் மட்டும் இழுத்திருந்தார்கள், மீதி 22 மீற்றரும் ரீலிலேயே சுற்றிக் கிடந்தது. அதில் கேத்தல் ஒன்று, ரைஸ் குக்கர் ஒன்று. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஓயாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ரீலின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே வயர் முழுவதும் உருகி ஒரே கட்டி. கீழே விரித்திருந்த பாயில் வட்டமாகக் கருகல். ஒரு முழம் தள்ளிப் பந்தல் சீலை தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

இந்த வருஷம் நான் பார்த்த மூன்றாவது ரீல் இது. கல்முனையில் ஒரு தையல் வீட்டில் ஒரே ரீலில் இரண்டு அயன். படுவான்கரையில் ஒரு வயல் வாடியில் தண்ணீர் மோட்டர். மூன்று இடத்திலும் வயர் சுற்றியபடிதான் இருந்தது. மூன்று இடத்திலும் எனக்குச் சொன்ன வசனமும் ஒன்றுதான்: "பிரேக்கர் இருக்குத்தானே, கூடினால் விழும்தானே."

விழாது. தயவுசெய்து இதை ஒருமுறை பொறுமையாக வாசியுங்கள்.

கணக்கு லேசானது. வாட்டை 230ஆல் பிரித்தால் அம்பியர் வரும். கேத்தல் 2000 வாட், ரைஸ் குக்கர் 700 வாட், இரண்டும் சேர்ந்து 2700. அதை 230ஆல் பிரித்தால் 12 அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. ரீலின் பிளக்கில் இருப்பது 13 அம்பியர் பியூஸ். அதற்கு இது சாதாரண பாரம், அது ஏன் உருக வேண்டும்? போர்டில் இருக்கும் பிரேக்கர் அதைவிடப் பெரியது. அது சுவருக்குள் போகும் வயரைக் காப்பதற்குப் போட்டது, உங்கள் ரீலை அதற்குத் தெரியாது. ட்ரிப் சுவிட்ச் விழும் என்கிறீர்களா? அது பார்ப்பது கரண்ட் நிலத்துக்குக் கசிகிறதா என்பதை. 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும், உயிரைக் காக்கும், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் போன கரண்ட் சரியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தால், ரீல் நெருப்பாகக் கொதித்தாலும் அது பேசாமல் இருக்கும். வயர் உருகி, உள்ளே செம்பும் செம்பும் முட்டின பிறகுதான் இவற்றில் ஏதாவது ஒன்று விழும். அந்த நேரம் பாய் ஏற்கெனவே பற்றியிருக்கும்.

ஆகவே பியூஸ், பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச் மூன்றும் நல்ல நிலையில், சரியாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே ரீல் எரியும். களுவாஞ்சிக்குடி வீட்டிலும் மூன்றையும் சோதித்துப் பார்த்தேன். ஒன்றிலும் பிழை இல்லை.

பிழை சூடு போக வழியில்லாததில். கரண்ட் ஓடும் எந்த வயரும் கொஞ்சம் சுடும். நீட்டிப் போட்டால் அந்தச் சூட்டைக் காற்று வாங்கிக்கொள்ளும், கைக்குத் தெரியவும் மாட்டாது. வழமையாகக் கடையில் வாங்கும் 1.25 சதுர மில்லிமீற்றர் தடிப்பு வயர் 25 மீற்றரில் அந்த 12 அம்பியர் ஓடினால், வயருக்குள்ளே மட்டும் கிட்டத்தட்ட 100 வாட் சூடு பிறக்கும். முந்தி வீடுகளில் எரிந்த 100 வாட் குண்டு பல்ப் நினைவிருக்கிறதா? அதை எரியவிட்டு, மேலே ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் பத்துச் சுற்றுச் சுற்றி வைத்தால் என்ன ஆகும்? வயரின் மேலுறை சாதாரணமாக 70 பாகை வரைக்கும்தான் தாங்கும். கச்சான் காற்றடிக்கும் ஆனி ஆடியில், தகரக் கூரைக்குக் கீழே, நம்முடைய ஊரில் அந்த ரீல் தொடங்குவதே 35 பாகையில்.

(என் தொழிலில் இருக்கும் சிலரே "சுருளாக இருந்தால் காந்தமாகும், அதனால்தான் சுடுகிறது" என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டு வருகிறார்கள். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒரே வயருக்குள்ளே இருக்கின்றன. ஒன்றின் காந்தத்தை மற்றது அடித்துவிடும். பிழையான காரணத்தைச் சொன்னால் சனம் பிழையான பரிகாரத்தைத்தான் தேடும்.)

ரீலின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு எண்கள் உண்டு. சுற்றியிருந்தால் இவ்வளவு, முழுதாக இழுத்தால் இவ்வளவு. பெரும்பாலும் முதலாவது 1000 வாட் அளவில் இருக்கும், இரண்டாவது 3000 வாட் அளவில். எல்லோரும் பார்ப்பது பெரிய எண்ணை மட்டும்தான். "13 அம்பியர் என்று போட்டிருக்கே" என்று என்னிடம் காட்டவும் செய்கிறார்கள். போட்டிருக்கிறதுதான், முழுதாக இழுத்த பிறகு.

சில ரீல்களில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். உள்ளே சூடு கூடினால் அது கரண்டை வெட்டும். நல்ல சாமான்தான். ஆனால் அது வெட்டினால் உடனே பொத்தானை மறுபடி அமுக்கிவிட்டு வேலையைத் தொடர்வதா? படுவான்கரை வாடியில் அந்தப் பொத்தானையே கழற்றி, இரண்டு முனையையும் நேரே முறுக்கி விட்டிருந்தார்கள். "அடிக்கடி விழுந்து கரைச்சல் தந்தது" என்றார் அந்த அண்ணன். அண்ணன், அது கரைச்சல் தரவில்லை, உங்களைக் கெஞ்சியிருக்கிறது.

சரி, என்ன செய்வது? முழுவதையும் இழுங்கள். இரண்டு மீற்றர்தான் தேவை என்றாலும் 25 மீற்றரையும் வெளியே எடுங்கள். மிச்சத்தை ஒரு மூலையில் நெளிநெளியாக, ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் போடுங்கள். பாய்க்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே திணிக்காதீர்கள், கதவிடுக்கில் நசிய விடாதீர்கள். போன் சார்ஜர், மேசை மின்விசிறி, எல்ஈடி லைட், ரீவி இவற்றுக்குச் சுற்றியபடி பாவித்தாலும் பெரிய பாரமில்லை. கேத்தல், அயன், ரைஸ் குக்கர், கிரைண்டர், மோட்டர் என்றால் முழுதாக இழுக்காமல் சுவிட்சைத் தொடவே வேண்டாம். மோட்டர் தொடங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வெல்டிங் பிளாண்டை ரீலில் கொழுவ வேண்டாம். ஃபிரிஜ்ஜுக்கு நிரந்தரமாக ரீல் போட்டு வைத்திருக்கிறவர்கள் அங்கே ஒரு பிளக் பேஸ் அடித்துக்கொள்ளுங்கள், அது பெரிய செலவில்லை.

மோட்டர் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்கழி வெள்ளம் வடிந்ததும் கிணறு இறைக்க எல்லோரும் ரீலோடு ஓடுவார்கள். மலிவான ரீல்களில் வயருக்குள் இரண்டு கம்பிதான் இருக்கும், மூன்றாவது பச்சை மஞ்சள் எர்த் கம்பியே இருக்காது. ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று, எர்த் இல்லாத மோட்டரைத் தொடாதீர்கள் பிள்ளைகளே. வாங்கும்போதே மூன்று கம்பியா என்று கேளுங்கள், கடைக்காரர் தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். சதுரப் பின் பேஸுக்குள் ஈர்க்கையோ பேனையையோ விட்டு இரண்டு பின் பிளக்கை ஏற்றும் பழக்கத்தையும் விடுங்கள். பொருந்தாத பின் சரியாகப் பிடிக்காது, பிடிக்காத இடம் சுடும்.

வைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகே சுற்றுங்கள். சுற்றும்போது ஒரு காய்ந்த துணியால் வயரைப் பிடித்துக்கொண்டே வந்தால், எலி கடித்த இடமும் வெடிப்பும் கைக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம். கிணற்றடியில், ஆட்டுக் கொட்டிலில் தொங்கவிடாதீர்கள். கல்லடி, திருக்கோவில், பொத்துவில் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் பேஸின் துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் பித்தளை பச்சையாகப் பூத்திருக்கும், சிலதில் குளவி மண் கூடே கட்டியிருக்கும். வீட்டுக்குள்ளே, காய்ந்த அலுமாரிக்குள் வைத்தால் இந்தக் கதை எதுவுமில்லை.

கருகின மணம் வந்தால் முதலில் சுவர் சுவிட்ச், அது முடியாவிட்டால் மெயின். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறின பிறகு ரீல் வெளியே நல்லாகத் தெரிந்தாலும் அதை மறுபடி பாவிக்காதீர்கள். உள்சுற்றில் மேலுறை உருகி ஒட்டியிருப்பது வெளியே தெரியாது.

களுவாஞ்சிக்குடி வீட்டில் அந்த அம்மா, "கருகாத முனையை வெட்டி எடுத்து வைப்பமா மனே, வீணாப் போகுதே" என்று கேட்டார். நான் பிளக்கை அடியோடு நறுக்கி, வயரை நாலு துண்டாக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன்.