பிஎச்.டி. சேருமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். மகள் எம்.ஏ. பொருளாதாரம், பி.எட். முடித்தவள். அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் வேலை. கவரிலிருந்து சான்றிதழ்களை எடுத்து மேசைமேல் அடுக்கியவள், ஒன்றை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"செட் பாஸ் பண்ணிட்டேன் சார். பொள்ளாச்சியில ஒரு காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டேன். இது செல்லாதுன்னுட்டாங்க. அதான் பிஎச்.டி. சேர்ந்துரலாம்னு."

அது கேரளத்து செட். மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு. தமிழ்நாட்டில் செட் என்றால் கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதி. பெயர் ஒன்று, வேலை வேறு. அக்கா கோபாலபுரம் எல்லைக்கு இந்தப் பக்கம், சித்தி அந்தப் பக்கம் என்று வாழ்கிற நம் ஊர்களில் இந்தக் குழப்பத்தை நான் பலமுறை பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டு செட் எழுதித் தேறினாலும் அது அந்த மாநிலக் கல்லூரிகளுக்குத்தான் செல்லும். வாளையாறு எல்லைக்கு இரண்டு பக்கமும் செல்லுபடியாகிற தேர்வு, தேசியத் தகுதித் தேர்வான நெட்.

அப்பா அதுவரை பேசவில்லை. பிறகு கேட்டார்: "எத்தன வருசம் ஆகுமுங்க சார்?"

ஃபீஸ் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. வருடத்தைக் கேட்டார். சரியான கேள்வி அதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. மூன்றே ஆண்டில் ஆய்வேட்டைக் கொடுத்தவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். ஐந்து என்று வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள் என்றேன்.

அந்த ஐந்து வருடத்தில் கைக்கு என்ன வரும்? நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய், மொத்தம் 5 ஆண்டு வரை. வீட்டுக்குப் பாரமில்லாமல் படிக்கலாம், கொஞ்சம் அனுப்பவும் செய்யலாம். அது இல்லாமல் சேர்ந்தவர்கள் டியூஷன் எடுத்துக்கொண்டும், கெஸ்ட் லெக்சரராக ஓடிக்கொண்டும், இரவு பத்து மணிக்கு மேல் ஆய்வேட்டைத் திறப்பதைப் பார்த்துப் பலமுறை வருந்தியிருக்கிறேன். திறமைக் குறைவால் பாதியில் விட்டவர்களைவிடக் கையில் காசில்லாமல் விட்டவர்களையே நான் அதிகம் அறிவேன். ஜேஆர்எஃப்புக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30; பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. அதனால் நெட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது கல்லூரிக்கான மாநிலத் தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றுதான் குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. இணைப் பேராசிரியர் ஆவதற்கு பிஎச்.டி. வேண்டும், ஆனால் அது பின்னால் வருகிற பேச்சு. "வேலைக்காகத்தான் சார்" என்று சொல்கிற பிள்ளைகளிடம் முதலில் நெட் எழுதச் சொல்கிறேன். இப்போது பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கு 70 சதவீதம் தேர்வுக்கு, 30 சதவீதம் நேர்காணலுக்கு. அவர்களுக்கு அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓர் ஆண்டு மட்டுமே செல்லும்.

அப்புறம் நெறியாளர், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, நெறியாளரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். மறையூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் தனக்குப் பிடித்த பேராசிரியரிடம் சேர்ந்தான். அவர் ஓய்வு பெற்றதும் வேறு நெறியாளர், வேறு தலைப்பு என்று இரண்டு வருடம் போயிற்று. ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்கக்கூடாது என்றே விதி இருக்கிறது. அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. சோத்கங்கா இணையதளத்தில் அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். இரண்டை எடுத்துப் படியுங்கள். முடிந்தால் அந்த மாணவர்களிடமே பேசுங்கள். "உங்க அத்தியாயத்தைப் படிச்சுத் திருப்பித் தர அவருக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டால் போதும், பாதி தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிஎச்.டி., வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கூட்டு என்று வரும் விளம்பரங்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். அப்படிப்பட்ட பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியே 2022-ல் எச்சரித்திருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்குப் பகுதிநேர பிஎச்.டி. உண்டு, அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு அவளிடம் கேட்டேன்: எதைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறாய்? "நீங்களே ஒரு டாபிக் கொடுங்க சார்" என்றாள். நான் கொடுக்கவில்லை. கொடுத்த தலைப்போடு ஐந்து வருடம் குடும்பம் நடத்துவது ரொம்பக் கஷ்டம். ஒரு நோட்டு வாங்கிக்கொள், மூன்று மாதம் உனக்குள் கிடந்து குடைகிற கேள்விகளை மட்டும் எழுது, ஒன்றும் வரவில்லையென்றால் பிஎச்.டி. வேண்டாம், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

மழை முடிந்து வந்தாள். டிசம்பர் நெட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் பதினொரு பக்கம் நிறைந்திருந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும்; அந்தத் தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது என்பதைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் நெல்லை விட்டுத் தென்னைக்குப் போனார்களா? இது முதல் பக்கம். ஏழாம் பக்கத்தில் கையெழுத்து வேறாக இருந்தது. மூலத்தறை வாய்க்காலில் தண்ணீர் திறந்த நாட்களை, நினைவிலிருந்த வருடங்களுக்கெல்லாம், அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்திருந்தார்.