சம்பளம் உயர்ந்தும் தூக்கம் வராதவர்கள்

தூக்கமில்லை என்று வருகிறவரிடம் காபி எத்தனை, இரவுப் பணி உண்டா என்றெல்லாம் விசாரித்த பிறகு, மாதம் எத்தனை தவணை கட்டுகிறீர்கள் என்றும் கேட்பது மனநல மருத்துவராக என் வழக்கம். "அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?" என்பார்கள். பிறகு வீடு, கார், கைப்பேசி, மகளின் கல்லூரி, இரண்டு கிரெடிட் கார்டு என்று பட்டியல் நீளும். சொந்தக்காரர்கள் மத்தியில் அவர்தான் வசதியானவர்.

பணத்தால் மகிழ்ச்சி வராது என்று இவர்களிடம் நான் சொல்வதில்லை. வயிறு நிறைந்தவர்களின் உபதேசம் அது, உண்மையும் இல்லை. ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மனநிலை மேலும் உயர்வதில்லை என்று அமெரிக்கர்களை ஆராய்ந்து உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் எழுதினார்கள். மேடைப் பேச்சாளர்கள் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், பார்பரா மெல்லர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து 2023இல் கானமனே அதைத் திருத்தினார். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டே போகிறது. மிகவும் வாடியிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும் சுமார் 1,00,000 டாலரோடு அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. பிரிவையும் இழப்பையும் சம்பள உயர்வு எவ்வளவுதான் ஆற்றும்?

இந்த ஏற்றம் விகிதக் கணக்கில் நடக்கிறது. 20,000 ரூபாய் 40,000 ஆனால் கிடைக்கும் நிம்மதிக்கு, 2 லட்சம் வாங்குகிறவருக்கு 4 லட்சம் தேவைப்படும்.

வருகிற பணம் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். நெதர்லாந்தில் ஒரு லாட்டரி உண்டு. அதை ஆராய்ந்த காலத்தில் வாரந்தோறும் ஓர் அஞ்சல் குறியீட்டைக் குலுக்கி எடுத்து, அந்தத் தெருவில் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணமும், அவர்களில் ஒருவருக்கு ஒரு பிஎம்டபிள்யூ காரும் தந்தார்கள். 2011இல் வெளியான ஆய்வின்படி, கார் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அதைப் பணமாக மாற்றிக்கொண்டார்கள். சீட்டே வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்களோ காருக்கு மற்றவர்களைவிட அதிகம் செலவிட்டிருந்தார்கள்!

நம் ஊரில் பக்கத்து வீடு இப்போது கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. உறவினரின் கிரகப்பிரவேசப் படங்களைப் பார்த்த இரவில் விண்ணப்பித்த கடன்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். கிரெடிட் கார்டில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டி வருகிறவர், மீதிக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. நான் தாளில் எழுதிக் காட்டுவேன். அடுத்த முறை மனைவியோ கணவரோ கட்டாயம் உடன் வர வேண்டும். தூக்கத்தைக் கெடுப்பதில் கடனைவிட அதை வீட்டில் மறைப்பதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் அனுபவம்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கியிலும், பலனில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். சாகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸை அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.